மஞ்சள் பனியனும் ரிஜெக்ட் அண்ணனும்

திருப்பூரில் ஓடுகிற மெஷின் அத்தனையையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடலாம். ரிஜெக்ட் அண்ணனை ஒரு விஷயத்துக்கு "சரிங்க" என்று தலையாட்ட வைக்க முடியாது. அரசாங்கத்தை நம்பாதவர்கள் உண்டு, ஆண்டவனை நம்பாதவர்கள் உண்டு. இவர் தினசரிக் காலண்டரையே நம்பமாட்டார். காலையில் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பேக்கரிக்கு டீ குடிக்க வருவார். "இன்னைக்கு வெள்ளிக்கெழமைன்னு இவன் போட்டிருக்கறான். அப்படீங்களா?" என்று முதலில் கண்ணில் படுகிற ஆளிடம் கேட்பார். ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடுவார் என்று நினைக்காதீர்கள். சொன்ன ஆளையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பல வெள்ளிக்கிழமைகளில் வாங்கியிருக்கிறேன்.

அப்போது நான் திருப்பூர் மண்ணரையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் உத்தியோகம். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். வெளிநாட்டுக்காரன் இமெயிலில் திட்டுவதை வாங்கித் தமிழில் கீழே கொடுத்துவிட்டு, கீழே இருப்பவர்கள் தமிழில் திட்டுவதை இனிப்பான ஆங்கிலமாக்கி மேலே அனுப்புகிற வேலை. அதே கம்பெனியில் ரிஜெக்ட் அண்ணன் செக்கிங் பிரிவில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அது ரேஷன் கார்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

செக்கிங் என்றால் இதுதான். தைத்து வருகிற பனியனை ஒவ்வொன்றாக எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். சரிபண்ண முடிகிற பீஸ் ஆல்டருக்குப் போகும். முடியாதது ரிஜெக்ட். மற்ற செக்கர்கள் சாயங்காலம் மணியடித்ததும் ஸ்டிக்கர் தாளை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் பையில் போட்டுக்கொண்டு போவார். கம்பெனிச் சாமானை ஊருக்குச் செலவு பண்ணுகிறீர்களே என்று ஒருதரம் கேட்டேன். கம்பெனியவிட டேமேஜ் ஊருக்குள்ளதாங்க எச்சு என்று சொல்லிவிட்டார்.

பேக்கரிக்கு வருகிற செய்தித்தாளை முதலில் எடுப்பது அவர்தான். அவர் படித்து வைத்த பிறகு எடுத்துப் பார்த்தால், முதல் பக்கம் அம்மை போட்டதுபோல் சிவந்து கிடக்கும். பெரிய கம்பெனி ஒன்று ஊருக்கு நல்லது செய்ததாகப் படத்தோடு செய்தி வந்தால், படத்துக்கு ஒரு அம்பு, அடுத்த பக்கத்தில் அதே கம்பெனி கொடுத்திருக்கிற முழுப்பக்க விளம்பரத்துக்கு ஒரு அம்பு. இரண்டையும் நாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். விளக்கம் எல்லாம் தரமாட்டார். நாளடைவில் எங்கள் தெரு ஆட்கள் செய்தியைப் படிப்பதை விட்டுவிட்டு அம்பை மட்டும் படிக்க ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால் நேரம் மிச்சம் என்பேன்.

பேக்கரிக்காரர் சேவியர் தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். ரொம்பப் பொறுமைசாலி. அவருடைய பொறுமையும் ஒருநாள் தீர்ந்தது. கடை டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்த, நடுவில் கோட்டுப் போட்டவர் அவர்களைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் அண்ணன் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். கோட்டுக்காரர் வாய்க்கு நேரே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஸ்டிக்கரில் என்ன பசை போடுகிறார்களோ தெரியாது, சேவியர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த டிவியில் கதாநாயகி வந்தாலும் சரி, சமையல் சொல்லித்தருகிற அம்மா வந்தாலும் சரி, வாயில் ஒரு அம்போடுதான் பேசினார்கள்.

சேவியர் அழாத குறையாகக் கேட்டார், "ஏன் அண்ணாச்சி, என் டிவி ஒங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"டிவி நல்ல டிவிதாங்க. எட்டுப் பேரும் கத்தி முடிச்சதும் என்ன வந்துச்சு? சட்டை வெளம்பரம் வந்துச்சு. அந்த ஒரு சட்டைய விக்கறதுக்குத்தான் இத்தன பேரும் கத்துனது. கத்தறதுக்கு எதுக்குங்க ஸ்டுடியோ? எங்க கட்டிங் செக்சன்ல கேமராவ வெச்சாப் போதாதா?"

தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கு இலவசமாகக் கச்சேரி. வேட்பாளர் ஒருவர் மேளதாளத்தோடு வந்து, நூல் விலையைக் குறைப்போம், சாயக்கழிவுப் பிரச்சினையைத் தீர்ப்போம் என்று அச்சடித்த நோட்டீஸை இரண்டு கையாலும் நீட்டினார். ரிஜெக்ட் அண்ணன் மரியாதையாக எழுந்து நின்று வாங்கினார். அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். புரட்டி உள்பக்கம் பார்த்தார். உள்பக்கம் வெறும் வெள்ளை. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு வாக்குறுதிக்கு நேரே அம்பை ஒட்டி வேட்பாளரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது போன எலெக்சன்ல ஆல்டருக்குப் போன பீஸுங்க. அதே ஓட்டையோட திரும்பி வந்திருக்குது."

வேட்பாளர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ஒரே குஷி. நம்ம ஆள் என்று முடிவுகட்டி, மறுநாள் தங்கள் வேட்பாளரையும் பட்டாசு வெடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். அந்த நோட்டீஸ் இன்னும் கொஞ்சம் நீளம், அதனால் இன்னும் கொஞ்சம் அம்புகள். அதற்குப் பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் இவர் அடுத்த கட்சியிடம் காசு வாங்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் பகுதியில் இரண்டு கட்சிகளும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

கம்பெனியில் முகம் பார்க்கும் மெஷின் வைத்தார்களே, அதுதான் உச்சம். வாசலில் நின்று முகத்தைக் காட்டினால் வருகைப்பதிவு விழும். எல்லோர் முகத்தையும் அதில் ஏற்றிய அன்று, எச்.ஆரில் இருந்த பெண் வேலைக்குப் புதுசு, "கொஞ்சம் சிரிங்கண்ணா" என்று கேட்டுவிட்டாள். இவர் ஆத்திரத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டினார். மெஷின் அதையே பிடித்துக்கொண்டது. மறுநாள் வழக்கமான முகத்தோடு போய் நின்றார். ஆள் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. உர்ரென்று எத்தனை பக்கம் திருப்பிக் காட்டினாலும் அதே பதில். கடைசியில் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். கதவு திறந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இந்தக் கண்கொள்ளாக் காட்சிதான். மனிதர் கோபமாக நடந்து வருவார், மெஷின் முன்னால் வந்ததும் ஈ என்று இளிப்பார், பீப் சத்தம் கேட்டதும் அந்தச் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு முன்னைவிடக் கோபமாக உள்ளே போவார். தையல் பெண்கள் இதைப் பார்ப்பதற்காகவே நேரத்தோடு வந்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நிர்வாகம் அந்த மெஷினைப் பாராட்டியது. "சம்பளத்துக்கு வேலையத்தான் வாங்குவானுகன்னு வந்தேன். சிரிப்பையுமல்ல வாங்கறானுக" என்று என்னிடம் பொருமினார். நம் முகத்தையெல்லாம் வாங்கி எங்கே வைத்திருக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்று முதலாளியிடமே கேட்டார். முதலாளிக்கும் தெரியவில்லை. மெஷின் விற்ற கம்பெனியைக் கேட்கச் சொன்னார். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், எண் ஒன்றை அமுக்கவும், எண் இரண்டை அமுக்கவும் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மனுஷக் குரல் வருகிறவரைக்கும் அமுக்குகிறேன் என்று ஒரு மதிய இடைவேளை முழுக்க அமுக்கிக்கொண்டிருந்தார். சோறுதான் ஆறியது.

அடுத்து, வந்தேறிகள் விஷயம். வடக்கே இருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயத்தை முழுதாக எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சுக்குப் போகாது. ரயிலில் வந்து இறங்குகிறார்கள், மூலைக்கு மூலை துப்புகிறார்கள், குறைந்த கூலிக்கு வேலைக்கு நிற்கிறார்கள், நம் பையன்கள் எங்கே போவது என்று பெஞ்சில் உட்கார்ந்து பொரிந்து தள்ளுவார். நம் பையன்கள் எல்லாம் இன்ஜினியரிங் படித்துவிட்டு மெஷினில் உட்காரமாட்டேன் என்று போய் ரொம்ப நாள் ஆயிற்றே என்பேன். அதுவும் ரிஜெக்ட். அவர் வெள்ளகோவிலில் இருந்து பஸ் ஏறி வந்தவர். கேட்டுக்கொண்டிருக்கும் சேவியர் தூத்துக்குடி பஸ். பஸ்ஸில் வந்தவர்கள் ரயிலில் வந்தவர்களைத் திட்டுவதுதான் திருப்பூரின் முழுநேரப் பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் அவருடைய மகன் ஒரு குளிர் தேசத்தில் இருந்தான். ஒருநாள் அவன் போனில் ரொம்பவும் மனது விட்டுப் பேசியிருக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் தெருவில் நின்று, வெளியாள் எல்லாம் உங்கள் ஊருக்கே போங்கள் என்று கத்துகிறார்களாம். அங்கேயும் டிவியில் இதேதான் விவாதமாம். மகன் அழுததையும் சொன்னார். "அந்த ஊர்லயும் என்னைய மாதிரி ஒருத்தன் பெஞ்சுல உக்காந்திருப்பானாட்ட இருக்குதுங்க" என்றார். சரி, இனிமேல் மாறிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாய் டீக்குப் பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய வசவில் பெரும்பங்கு வாங்கியவன் பிகாஷ். ஒடிசாக்காரன், எங்கள் கம்பெனித் தையல்காரன். எங்கள் தெருக் கடைசியில் இருந்த லைன் வீட்டில் பெண்டாட்டி, நாலு வயசு மகளோடு குடியிருந்தான். அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மகள் மினி இங்கேயே பிறந்தவள். லைன் வீட்டுப் பொம்பளைகளும் பால்வாடியும் சேர்ந்து அவளைச் சுத்தமான கொங்குக்காரியாக்கி வைத்திருந்தார்கள். நாய்க்குட்டியிடம்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசுவாள். ரிஜெக்ட் அண்ணனுக்கும் பிகாஷுக்கும் அடிக்கடி தகராறு. குழாயடியில் துப்பினான் என்று ஒருநாள், பாட்டை சத்தமாக வைத்தான் என்று ஒருநாள். ஊருக்கு ரயில் எப்போ என்று அவன் முகத்துக்கு நேரே கேட்பார். அவன் சிரித்துக்கொண்டு போவான்.

அந்த வருஷம்தான் கடல்தாண்டி ஒரு தலைவர் நம் ஊர்த் துணிக்கு வரியை ஏற்றிவிட்டார். திருப்பூர் முடிந்தது என்று ஒரு சேனல் சொன்னது. திருப்பூருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று இன்னொரு சேனல் சொன்னது. எனக்கு வந்த இமெயிலில், நம் நீண்டகால உறவை மிகவும் மதிக்கிறோம் என்று ஆரம்பித்து ஆர்டரை ரத்து செய்திருந்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் ரிஜெக்ட் அண்ணன், நொம்ப மருவாதையா கழுத்தறுக்கறானுக என்றார். தைத்து அடுக்கி வைத்திருந்த சரக்கு எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் காலர் வைத்த டீ-சர்ட். கம்பெனி அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டது. கொஞ்ச நாளில் மண்ணரையே மஞ்சளாகிவிட்டது. இஸ்திரி போடும் ஐயர்ன்காரர் மஞ்சள், ஆட்டோக்காரர் மஞ்சள், சேவியர் மஞ்சள். வாங்கமாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. மஞ்சள் டீ-சர்ட் போட்ட ஆள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வடக்கத்தி ஆள், குழந்தை பிடிக்கிறவன், நம் ஏரியாவில்தான் சுற்றுகிறான், உடனே பகிருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் எடுத்தது, ஒன்றும் கிடையாது. குழுவின் அட்மின் எங்கள் தெருவிலேயே சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான். கையில் போன் வந்த பிறகு அவருக்குத் தெருவையே தான்தான் காவல் காக்கிறோம் என்று ஒரு நினைப்பு. காலையில் இருந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் பொம்பளைகள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆம்பிளைகள் பேக்கரி வாசலில் கூடி, கிடைத்தால் என்ன செய்வோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பிகாஷ் வந்தான். கம்பெனி மஞ்சள் டீ-சர்ட்தான் போட்டிருந்தான். தோளில் மினி. பலூன்காரனிடம் பலூன் வாங்கித் தரவில்லை என்று அவள் தெருவே அதிரும்படி அழுதுகொண்டு வந்தாள்.

"நா வரமாட்டனுங்க. என்னைய உடுங்க. எங்கம்மாகிட்டப் போகோணுங்க."

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தெருக் கடைசி லைன் வீட்டு முகங்களை அவர்களில் பலர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அட்மின் போய் வழிமறித்து, யார் புள்ளைடா இது என்று கேட்டார். பிகாஷுக்குப் பயத்தில் வருகிற தமிழும் போய்விட்டது. என்னுடையது என்பதை மேரா, மேரா என்று இந்தியில் சொன்னான். போதாதா? புள்ள தமிழ் பேசுகிறது, இவன் இந்தி பேசுகிறான், அப்புறம் எப்படி இது இவன் புள்ளையாகும் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவன் காலரை ஒரு கை பிடித்தது. பின்னால் இருந்து ஒரு அடி விழுந்து அவன் உதடு கிழிந்தது. மினி வீரிட்டாள்.

நான் உள்ளே புகுந்து, இவன் எங்கள் கம்பெனி ஆள், அது அவன் மகள்தான் என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சேவியரும் கல்லாவை விட்டு ஓடிவந்து சொல்லிப் பார்த்தார். அவரையும் ஒரு தள்ளு தள்ளினார்கள். நேற்றுவரை வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசிய முகங்கள்தான் அத்தனையும். ஒன்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்றைக்கு இந்தப் பையனைக் கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ரிஜெக்ட் அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்து வந்தார். அவசரமே இல்லை. கூட்டத்தைத் தோளால் இடித்து உள்ளே நுழைந்தார். வடக்கத்தியான் விஷயத்தில் அவர் கொள்கை ஊருக்கே தெரியும் என்பதால் அவருக்கு வழிவிட்டார்கள். அவரும் ஒரு அடி போடத்தான் வருகிறார் என்று நினைத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன்.

"எங்கீங்க அந்த வீடியோ? இப்படிக் குடுங்க, பாக்கலாம்" என்று கையை நீட்டினார்.

அட்மின் போனைக் கொடுத்தார். அண்ணன் அதை பேக்கரி டியூப் லைட்டுக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செக்கர் ஒருவர் பீஸை வெளிச்சத்துக்குத் தூக்கிவிட்டால், அவர் வாய் திறக்கும்வரை பக்கத்தில் யாரும் பேசமாட்டார்கள். முதலாளியே வந்தாலும் நிற்பார். அந்தப் பழக்கம் எல்லோர் உடம்பிலும் ஊறிக் கிடக்கிறது. பெல்ட்டைக் கழற்றியவன்கூட அப்படியே நின்றான். அண்ணன் போனைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பையில் இருந்து ஸ்டிக்கரை எடுத்துத் திரையின் மேல் ஒட்டினார்.

"ரிஜெக்ட்டுங்க. இது நம்ம லாட்டே இல்ல. நம்ம பீஸுன்னா காலருக்கு உள்ள தையல மறைக்க டேப்பு வெச்சுத் தெச்சிருக்கும். இதுல டேப்பு இல்ல. இவன் போட்டிருக்கறது நம்ம லாட்டு. அப்ப ஆளு வேறதானுங்களே."

ஓடுகிற ஆளின் கழுத்துக்கு உள்ளே இருக்கும் டேப்பை வீடியோவில் எப்படிப் பார்க்க முடியும் என்று வேறு எந்த ஊரிலும் ஒருவனாவது கேட்டிருப்பான். எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அட்மின் தையல் யூனிட்காரர் இல்லையா, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் லாட்டிலும் பாதிக்கு டேப் கிடையாது, கடைசியில் டேப் தட்டுப்பாடு என்று அவர் வாதாடினார். அதெல்லாம் கிடையாது என்று ஐயர்ன்காரர் மறித்தார். அவர் கையில் தேய்க்காத பீஸா? சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவர், டேப்பை விடுங்கள், முதலில் ஷேடு ஒத்துப்போகிறதா பாருங்கள், இது எலுமிச்சை மஞ்சள், வீடியோவில் இருப்பது மாம்பழ மஞ்சள் என்றார். போன் வெளிச்சத்தில் ஷேடு பார்க்கக்கூடாது என்று இன்னொருவர் அவரைத் திட்டினார். ஆளாளுக்குப் போட்டிருந்த மஞ்சள் காலரை மடித்துப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஆளின் காலரையும் பிடித்துப் பார்த்தார்கள். பிகாஷின் காலரை நெரித்துக்கொண்டிருந்த அதே கை, அதை மெதுவாகத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தது. என் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு மேல் நடந்ததை நான் எங்கே சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள். டேப் இருந்தாலும் அதன் மேல் சிங்கிள் தையல்தான் என்று அட்மின் சாதித்துக்கொண்டிருந்தார். உதட்டில் ரத்தத்தோடு நின்ற பிகாஷுக்கு அது பொறுக்கவில்லை.

"இல்ல அண்ணா, டபுள். டேப்பு மேல டபுள். காலர் எல்லாம் நான் வெச்சது."

அட்மின் அவனை நிமிர்ந்து பார்த்தார். நீயா தைத்தாய் என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். எந்த மெஷின், எந்த லைன் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் தன் காலரை மறுபடியும் மடித்துப் பார்த்துவிட்டு, சுத்தமாத்தான் வெச்சிருக்கே என்று முனகினார். பெல்ட்காரன் சத்தமில்லாமல் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

அதற்குள் சந்தைக்குப் போயிருந்த பிகாஷின் பெண்டாட்டி காய்கறிப் பையோடு வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, குழாயடியில் கற்ற தமிழ் அத்தனையையும் அங்கே கொட்டினாள். மினி அம்மாவிடம் தாவவுமில்லை, அப்பாவை விடவுமில்லை. கூட்டம் உருண்டு கிடந்த தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. அட்மின் வீடியோவைக் குழுவில் இருந்து நீக்கினார். மறுநாள் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு இனிய காலை வணக்கம் அனுப்பினார். மன்னிப்பு என்று தனியாக எதுவும் வரவில்லை.

கூட்டம் போன பிறகு நானும் ரிஜெக்ட் அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்தோம். சேவியர் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வீடியோவில் உண்மையிலேயே டேப் இல்லையா என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியுங்க? கண்ணாடி ஊட்டுல கெடக்குது. மஞ்சளா என்னமோ ஓடறதுதான் தெரிஞ்சுது."

பிறகு எந்தத் தைரியத்தில் அப்படி அடித்துச் சொன்னீர்கள் என்றேன்.

"புள்ளையப் பாத்தனுங்க. உடுங்க உடுங்கன்னு அழுவுது, ரண்டு கையும் அவன் கழுத்த உடவே இல்ல. களவாண்டுட்டுப் போறவன் கழுத்த எந்தப் புள்ளைங்க அப்படிப் புடிக்கும்?"

"அதையே சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னா நம்மாளுக கேப்பாங்களா? தையலச் சொன்னாத்தான் நிப்பாங்க."

டீயை எடுத்தார். டம்ளர் நடுங்கி வேட்டியில் கொட்டியது. மேஜையில் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார், மறுபடியும் கொட்டியது. நான் ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். படித்தவர்கள் குழு, தினமும் புதுசு புதுசாக வீடியோ வருகிறது. அண்ணன் மண்ணரையில் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். பிகாஷையும் விடவில்லை, குழாயடியில் துப்பினான் என்று போன வாரம்கூடப் பெரிய சண்டையாம். நான் போன் செய்தால், நான்தானா என்று இரண்டுதரம் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். எனக்கு வேண்டியவர்கள், என்னை நம்புகிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனாலும் என்றைக்காவது ஒருநாள் ஒரு கூட்டம் என் காலரைப் பிடித்தால், அந்த இடத்தில் என்னைக் கொஞ்சமும் நம்பாத அந்த மனிதர் இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆண்டவனிடம் கேட்டுக்கொள்கிறேன்.